ஓடம் கேட்டு அனுப்பிய மெசேஜ்

என்னிடம் படிக்கும் கயலின் அப்பா வகுப்புக்குள் வந்து நின்றபோது நான் திமிங்கலமாக இருந்தேன். தலையில் போட்டிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தால், மனிதர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

காஞ்சிபுரத்தில் மழலையர் பள்ளி டீச்சராகப் பத்தொன்பது வருடம் இருந்தவள் நான். எல்.கே.ஜி.க்கு அன்று 'எக்ஸ்ப்ளோரர் டே'. காகிதத் தொப்பி, கடலுக்கு நீலத் துணி, கப்பலுக்கு வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. தின்பதற்கு இட்லிப் படகு: பாதி இட்லியில் கேரட் வில்லையைப் பாயாகச் செருகியது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில், "நாளை ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஓடம் கொண்டுவர வேண்டும்" என்று போட்டிருந்தேன். 'படகு' என்று போட எனக்கு என்ன கேடு?

ஊருக்கு வெளியே செவிலிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தெர்மோகோல் படகோடு வந்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் தறி ஓடத்தோடு வந்தார்கள். குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டைக்கும் ஓடம் என்றுதான் பெயர். கயல் கொண்டுவந்ததற்குச் சந்தனம், குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். இதுவும் பார்க்கப் படகு மாதிரிதானே என்று சமாளித்துவிட்டேன்.

அப்பா ஓடிவந்தது அதைத் தேடித்தான். அவளுடைய ஓடத்துக்குள் மாம்பழக் கலர் பட்டு நூல் சுற்றிய குச்சி, அதாவது தார், இருந்ததாம். வீட்டில் மிச்சமிருந்த நூல் போதவில்லை. தறியில் இருக்கும் முகூர்த்தப் புடவையில் இன்னும் ஒரு சாண் நெய்யப் பாக்கி. சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள், அதே சாயத்தில் வேறு நூல் கிடையாது.

ஓடத்தை எடுத்துப் பார்த்தேன். தார் இருந்த குழியில் இட்லி உட்கார்ந்திருந்தது, சட்னியோடு. தாரைக் காணோம்.

கயலைக் கேட்டால், அது புதையலாம், புதைத்தாயிற்றாம்.

"தொப்பி போட்டுக்கினு கப்பல்ல வரவங்களுக்குத்தான் காட்டுவேன்" என்றாள்.

அப்பா கெஞ்சினார், மிரட்டினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அழ ஆரம்பித்தால் மதியம்வரை நிறுத்த மாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்தார். நான் தொப்பியை வைத்துவிட்டேன். வகுப்பே பின்னாலிருந்து தள்ள, ஸ்கேலால் துடுப்புப் போட்டபடி நீலத் துணியைக் கடந்து வராந்தாவின் மணல் தொட்டியை அடைந்தார். நடுவில் திமிங்கலம் வந்தே தீரவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் நானும் இரண்டு முறை வழிமறித்தேன்.

மணலுக்குள் கயலின் டிபன் பாக்ஸ் இருந்தது. அதற்குள் தார், ஓர் இழைகூடக் கலையாமல். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஸ்கூல்ல ஓடம் கேட்டாங்கன்னு எங்க தெருவுக்கே சந்தோசம் டீச்சர். நல்லதா குடுக்கணும்னு நான்தான் நூலோட குடுத்துட்டேன்."

பிறகு தெர்மோகோல் படகுகளைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு வந்துகீது?"

"அவங்கெல்லாம் தப்பா புரிஞ்சிக்கினாங்க சார்" என்றேன்.

விஷயம் பரவி, மறுநாள் குரூப்பில் செவிலிமேட்டு அம்மா ஒருவர் படகு கொடுத்தனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டு, தறி ஓடம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்திருந்தார். நான் கடையின் விலாசத்தைப் பதிலாகப் போட்டேன்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: தப்பை ஒத்துக்கொள்ள ஒரு நேரம் உண்டு. காகிதத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு மனிதர் பெருமையோடு நிற்கிறாரே, அது அந்த நேரம் இல்லை.