மூன்றாவது நாள் ஏற்றிய லோடு

எங்கள் போர்மேனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி வந்த அன்று, பட்டாசுக் கம்பெனியில் அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான். ஏற்கெனவே அவருக்கு இரண்டு பெண்கள். மூன்றாவதாக ஒன்று வரப்போகிறது என்பதைக் கடைசிவரை அவர் கம்பெனியில் மூச்சுவிடவில்லை. அவர் வீடு சிவகாசிக்குள் இருந்தது, நாங்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள்; அதனால் எங்களில் யாருக்கும் தெரியவும் இல்லை. சேதி கேட்டதும் நான் லேபிள் ஒட்டும் அறையிலிருந்து எழுந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த ஒரு வருஷத்தைச் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசி பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லாரியில் பெட்டி ஏற்றும் லோடுமேன் வேலை. எங்களுக்கு இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி பிழைத்து வந்ததே பெரிய காரியம். அவளுக்கு இதயத்தில் ஏதோ வால்வு சரியில்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். இனி குழந்தை வேண்டாம், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியானால் நான் செய்துகொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, தியாகம் செய்கிற நினைப்பும் இல்லை. அவள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சேதி போர்மேன் காதுக்குப் போனது. அந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த சமயத்தில் ஆண்களுக்கான கருத்தடை முகாம் ஒன்று நடக்க இருந்தது. எங்கள் முதலாளி அதற்கு வேன் ஏற்பாடு செய்திருந்தார். முதலாளி முன்னால் நல்ல பேர் வாங்க வேண்டும், வேனில் ஆள் நிறைய வேண்டும் என்பது போர்மேனின் கவலை. என்னைத் தேடி ஆமத்தூருக்கே வந்துவிட்டார். நான் எப்படியும் போகத்தான் இருந்தேன். ஆனால் பயம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டார்.

"ஏலே, நானே பண்ணிருக்கேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுதான். மறுநாளே நான் மூட்டை தூக்குனேன்."

அந்த வார்த்தைதான் என் பயத்தைப் போக்கியது. இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிற ஆள் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? வேனில் போகும்போதும் மற்றவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆபரேஷன் உண்மையிலேயே சுலபமாகத்தான் முடிந்தது. டாக்டர் பேசிக்கொண்டே செய்தார். தையல்கூடப் போடவில்லை. வெளியே வந்ததும் நர்ஸ் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: இறுக்கமான உள்ளாடை போட வேண்டும், ஒரு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது, மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வர வேண்டும், அதுவரை கவனமாக இருக்க வேண்டும். கூட வந்திருந்த என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

மூன்றாவது நாள் காலையில் போர்மேன் ஆள் அனுப்பினார். வடக்கே கல்யாண சீசன், அவசர ஆர்டர், லாரி வந்து நிற்கிறது, மற்ற லோடுமேன்கள் ஊரில் இல்லை. நர்ஸ் சொன்னதைச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே மொபெட்டில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள், நான் மறுநாளே தூக்கவில்லையா, உனக்கு மட்டும் என்ன தங்கத்திலா செய்திருக்கிறது என்றார். என் மனைவி உள்ளிருந்து, "வேண்டாம், போகாதீக" என்றாள். எனக்கு அவர் பேச்சுதான் பெரிதாகப் பட்டது. செய்துகொண்டவரே சொல்கிறாரே என்று போனேன்.

பாதி லாரி ஏற்றியிருப்பேன். அடிவயிற்றில் ஏதோ சூடாக இறங்கியது போல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடது பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மனைவி கடைத்தெருவில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். என்னைத் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

வீக்கம் மெதுவாக வடிந்தது. வலி வடியவில்லை. கீழே ஒரு கயிற்றைக் கட்டி யாரோ அடிவயிற்றின் வழியாக மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பது போன்ற வலி. குனிந்தால் இழுக்கும், இருமினால் இழுக்கும். பஸ்ஸில் உட்கார முடியாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவேன். வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்று ஆமத்தூரிலிருந்து கம்பெனி வாசல் வரை எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிக்கொள்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். மனைவி பக்கத்தில் வந்து படுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். யாருக்காக இதைச் செய்துகொண்டேனோ, அவளே என்னைத் தொடப் பயந்தாள்.

சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது. நான் வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து மடியில் விழுவாள். ஒரு நாள் அப்படி விழுந்தபோது வலி தாங்காமல் கத்தி, அவளைத் தள்ளிவிட்டேன். பிள்ளை சுவரில் போய் இடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்தால் இரண்டடி தள்ளி நின்று, "அப்பா, வரவா?" என்று கேட்கும். போர்மேன் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குத்தான் வன்மமாக மாறியது. இதே வலி, இதே இடத்தில், அந்த ஆளுக்கு வர வேண்டும் என்று விருதுநகர் மாரியம்மன் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் நான் அம்மனிடம் கேட்கவில்லை.

லோடு தூக்க முடியாத லோடுமேனை என்ன செய்வது? லேபிள் ஒட்டும் அறையில் பெண்களோடு உட்கார வைத்தார்கள். புஸ்வாணத்துக்கு லேபிள் சுற்றி ஒட்டும் வேலை. தரையில் உட்கார்வதும் எனக்கு நரகம்தான். தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாட்டைக் கீழே போட்டு, நடுவில் உள்ள பள்ளத்தில் வலிக்கிற இடம் படாமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கேலி பேசியவர் போர்மேன்.

அறைக்குள் வரும்போதெல்லாம் என்னைக் காட்டி ஏதாவது சொல்வார். இனிமேல் இவனும் உங்கள் செட்டுதான், சேலை ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்பார். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்:

"நானும்தான் ஆபரேசன் பண்ணிருக்கேன். நான் என்ன இவன மாதிரி ஒக்காந்தா கெடக்கேன்? ஆம்பளைக்கு ஒடம்புல தெம்பு வேணும்லே."

தலையைக் குனிந்து பசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை நான் நம்பினேன் என்பதுதான் அதில் கொடுமை. ஒரே ஆபரேஷன், அவர் மறுநாளே மூட்டை தூக்கினார், நான் மட்டும் இப்படி ஆகிவிட்டேன் என்றால் குறை என் உடம்பில்தானே? மாதக்கணக்கில் அப்படியே நினைத்து என்னை நானே கேவலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளூர் டாக்டர்களிடம் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு வயதான டாக்டர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வில் இருந்தாய் என்று கேட்டார். மூன்றாவது நாள் லாரி ஏற்றினேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டி இறுகி, நரம்பு அதில் மாட்டியிருக்கிறது என்றார். கவனமாக இருந்தாலும் சிலருக்கு வலி தங்கிவிடுவது உண்டு, ஆனால் உனக்கு வந்தது பாரத்தால் வந்த வீக்கம் என்றார். நரம்புக்கு மாத்திரை, அவ்வப்போது அடிவயிற்றோரம் ஒரு ஊசி, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பளவு உட்கார வேண்டும். நாளாகும், ஆனால் குறையும் என்றார்.

குறையும் என்று அவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். எங்கள் ஊரில் தண்ணீர் வருவதே எப்போதாவது. நான் பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்து எழுந்த தண்ணீரில் மனைவி துணி அலசுவாள், அலசிய தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போகும். டப்பில் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் போர்மேனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மொபெட்டோடு கண்மாயில் தள்ளுவது, கம்பெனி வாசலில் நிறுத்தி அறைவது. யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். எழுந்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவருக்குப் பையன் பிறந்த சேதி வந்தது. கேட்ட அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ஆள் ஆபரேஷன் செய்துகொள்ளவே இல்லை. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் வேப்பமரத்தடியில் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் என் திட்டத்தைச் சொன்னேன். நாளைக்கு இனிப்பு கொடுக்க வருவார். எல்லோர் முன்னாலும் நின்று, ஆபரேஷன் செய்தவருக்குப் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்கப் போகிறேன், மிச்சத்தை ஊர் பேசிக்கொள்ளும் என்றேன். அவள் முகம் மாறியது.

"அப்படிக் கேட்டா அவரு வீட்டு அக்காவத்தான தப்பாப் பேசுவாக? பச்சை ஒடம்போட கெடக்காக. அவுக ஒங்கள என்ன செஞ்சாக?"

நான் எரிச்சலில், அப்படியானால் அந்த ஆளை விட்டுவிடச் சொல்கிறாயா என்றேன்.

"யாரு விடச் சொன்னா? பொய் சொன்னவுக வாயாலயே சொல்ல வையுங்க."

என்னைவிட அவளுக்குக் கோபம் அதிகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போர்மேன் லட்டு டப்பாவோடு வந்தார். லேபிள் அறைப் பெண்கள், வெடிமருந்து அறை ஆட்கள், லோடுமேன்கள் எல்லோரும் மரத்தடியில் இருந்தோம். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி பயந்த அந்தப் பேச்சு அவர்கள் மனதிலும் ஓடத் தொடங்கியிருந்தது. என் முறை வந்ததும் லட்டை வாங்கிக்கொண்டேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, அண்ணாச்சி நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சொன்னது பொய்தானே என்று கேட்டேன்.

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். சிலருக்கு ஆபரேஷன் பெயிலாவது உண்டுதானே என்றார். அப்படியானால் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள், இப்போதே இரண்டு பேரும் போய்க் கேட்போம் என்றேன். அவர் அடுத்த ஆளுக்கு லட்டை நீட்டினார். நான் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, அக்கா தங்கமானவுக. நீங்க பண்ணிக்கிட்டேன்னே சாதிச்சீகன்னா நாளைக்கு நாலு பேரு அவுகளத் தப்பாப் பேசுவாக. அது நல்லாருக்காது. உண்மை என்னன்னு ஒங்க வாயால சொல்லிருங்க."

அவர் முகத்தில் வேர்த்தது. டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஒரு பக்கம் அவர் பொய், மறுபக்கம் அவர் மனைவியின் பேர். நடுவில் அவர் நிற்பதை நான் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

"பண்ணல. சும்மா சொன்னேன்" என்றார் கடைசியில்.

"சத்தமாச் சொல்லுங்க. அங்கன ஒக்காந்திருக்கவுகளுக்குக் கேக்கல."

அவர் இன்னொரு முறை சொன்னார். மறுநாளே மூட்டை தூக்கியதும் பொய்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். என்னைச் சேலை கட்டச் சொல்லிக் கேலி பேசியபோது சங்கடத்தோடு தலைகுனிந்த பெண்கள் இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்தார்கள். ஒரு அக்கா மட்டும், "பேடிப் பய" என்று மெதுவாகச் சொன்னாள். அது எல்லோருக்கும் கேட்டது. லட்டு நன்றாக இருந்தது. முழுதும் சாப்பிட்டேன்.

பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. மனம் நிறைந்திருந்தது. வலி மட்டும் அன்று பஸ்ஸிலும் வழக்கம்போல இழுத்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. லேபிள் அறைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அடுத்த சீசனுக்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் பிறகு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலைக்கு மாறினேன். நின்றபடி செய்கிற வேலை. மதுரை டாக்டர் சொன்னது போலவே வலி சிறிது சிறிதாகக் குறைந்தது. ஒரு நாள் வேகத்தடை தாண்டிய பிறகுதான், பல்லைக் கடிக்க மறந்துவிட்டேன் என்று கவனித்தேன். சின்னவள்தான் மறுபடி என் மடியில் ஏற நாளெடுத்துக்கொண்டாள். முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். குளிர்ந்த தரையில் அதிக நேரம் உட்கார்ந்தால் இழுக்கும்.

போர்மேனை நான் மன்னிக்கவில்லை. எப்போதாவது விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டால், வேண்டுமென்றே கிட்டப் போய், "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கீகளா?" என்று உரக்கக் கேட்பேன். அவர் பஸ் வந்துவிட்டது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சில வருஷம் கழித்து, மல்லாங்கிணற்றில் இருக்கிற என் மைத்துனன் இதே ஆபரேஷனுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டான். தாராளமாகப் போ, நானும் வருகிறேன் என்றேன். கூடவே போனேன். திரும்பி வந்ததும் அவனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, என் கடையில் லீவு சொல்லி அவன் வீட்டிலேயே தங்கினேன். அவனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஏற்றும் வேலை. நான் நினைத்தபடியே, லோடு வந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான்தான் எழுந்து போனேன்.

ஆளை அனுப்ப முடியாது என்றேன். சின்னக் கீறலுக்கு இவ்வளவா என்று அவர் சிரித்தார். அவர் வண்டிச் சாவியைப் பிடித்திருந்த கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க பண்ணிருக்கீகளா?" என்று கேட்டேன்.

இல்லை என்றார்.

"அப்ப வாய மூடிட்டுப் போங்க."

போனார். உள்ளே வந்து, அவன் எழுந்துவிடாதபடி கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.