பிள்ளை என்ற சொல்

மனைவியின் தமையன் இருந்தார். அவருடைய பெண்சாதி இருந்தாள், புதுக் கைப்பையோடு. கோயில் தலைவர் இருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை, தானாக வந்து குளிர் அங்கியையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தார். சென்னைக்காரி, கணவனின் வேலையோடு ஸ்தவாங்கரில் இருந்து ஒஸ்லோவுக்கு மாறி வந்தவர். வட்டாரக் கந்தோரின் அதிகாரி, ஒரு நோர்வேக்காரி, மேசைக்கு அந்தப் பக்கம். பிறகு நான், என் மனைவி. கடைசியாக என் மச்சாள், மனைவியின் தங்கச்சி. கூட்டமே அவளைப் பற்றியது. அவளுக்குத்தான் கதிரை இல்லை. சுவரோடு நின்றாள். நோர்வேக்காரி எழும்பிப் போய்ப் பக்கத்து அறையில் இருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை.

மச்சாள் பிறந்தபோது மூச்சு எடுக்கப் பிந்தினவள் என்று சொல்வார்கள். பேச்சு மெல்லத்தான் வரும், எழுத்து அதைவிட மெல்ல. ஒரு வேலையை அவளுக்குப் பத்துத் தரம் காட்ட வேண்டும். பதினோராம் தரம் அவளே செய்வாள், அதில் பிழை இராது. பெற்றோர் செத்த பிறகு தமையன் அவளை மட்டக்களப்பில் இருந்து எடுப்பித்து, ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் தன் வீட்டில் வைத்திருந்தார். மைக் கிடைத்த இடமெல்லாம் அதைச் சொன்னார். "என்ர சகோதரத்தை நான் கைவிடேல்லை." ஆட்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் கைவிடாத சகோதரம் வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும். விடிய எழும்பித் தமையனின் மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது அவள். பாத்திரம், கூட்டல், துடைத்தல் எல்லாம் அவள். தமையனின் மூத்த மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தார்கள். அன்றைக்கும் அவளைப் பின்பக்கத்தில் தட்டுக் கழுவ விட்டார்கள். அந்த அல்பத்தில் கோயில் தலைவர் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிறார். மச்சாளின் முகம் ஓரிடத்திலும் இல்லை.

பகலில் அவளைப் போன்றவர்கள் வேலை செய்யும் ஓரிடத்துக்குப் போய்வந்தாள். ஹோட்டல் விரிப்புகளை மடிக்கும் வேலை. நோர்வே மொழி அவளுக்கு அங்கே வந்தது. இருபது வருடம் இருந்த தமையனுக்கு வந்ததைவிட நன்றாக வந்தது. அங்கே ஒருத்தி அவளிடம், உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டிருக்கிறாள். அதுவரை அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. "தனிய" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் விண்ணப்பமும் கூட்டமும் வந்தன.

கூட்டத்துக்கு முதல் நாள் தமையன் என் வீட்டுக்கு வந்தார். அடுப்புக் கதையைச் சொல்ல நான் வேண்டும் என்றார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்: அவள் அடுப்பை அணைக்காமல் விட்டு, சட்டி எரிந்து, தீயணைப்பு வண்டி வந்து, மாடிக் கட்டிடத்துச் சனம் முழுவதும் பனிக்குள் செருப்போடு நின்றது. உண்மை வேறு. நான் அன்று அந்த வீட்டில் இருந்தனான். சட்டியை அடுப்பில் வைத்தது தமையனின் பெண்சாதி. வைத்துவிட்டு லண்டனுக்குத் தொலைபேசியில் கதைக்கப் போனாள். பழியை மச்சாள் மேல் போட்டபோது நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. தமையன் கேட்டதற்கும் சரி என்றே தலையாட்டினேன். பெண் எடுத்த வீடு, ஏன் வில்லங்கம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு பெயர் உண்டு. எழுத மனமில்லை.

கூட்டத்தில் தமையன் தொடங்கினார். "இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. இந்தப் பிள்ளையைத் தனிய விடேலாது." மொழிபெயர்ப்பாளர் அதை நோர்வே மொழியில் சொன்னார். நோர்வேக்காரி முழித்தாள். கடதாசிகளைப் புரட்டினாள். குழந்தைகளின் விஷயத்துக்கு வேறு பகுதி இருக்கிறதே, எந்தக் குழந்தையைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"குழந்தை எண்டு ஆர் சொன்னது?" என்று தமையன் பாய்ந்தார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, பிள்ளைன்னு."

"பிள்ளை எண்டால் பொம்பிளைப் பிள்ளை. நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறனாங்கள்."

"எங்க ஊர்ல பிள்ளைன்னா குழந்தைதாங்க. சரி, திருத்திச் சொல்லிடறேன். அவங்களுக்கு வயசு என்ன?"

தமையன் பெண்சாதியைப் பார்த்தார். பெண்சாதி கைப்பையைப் பார்த்தாள். "முப்பது வரும்" என்றார் தமையன். வருடக்கணக்காக மேடையில் தூக்கிக் காட்டிய சகோதரத்தின் வயது மனிசனுக்குத் தெரியாது.

மச்சாள் எழும்பி நின்றாள். "யை ஆர் வொக்சன்" என்றாள். நான் வளர்ந்த ஆள் என்று அர்த்தம். பிறகு நாளையும் மாதத்தையும் வருடத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முப்பத்துநாலு முடிந்திருந்தது.

தலைவருக்கு அப்போது ரோசம் வந்துவிட்டது. எங்கட கலாசாரத்தில் கலியாணம் கட்டாத பெண் தனிய இருக்கிறதில்லை என்று ஒரு பேச்சு. முடியும்வரை நோர்வேக்காரி பொறுமையாக இருந்து, நீங்கள் இவளுக்கு என்ன முறை என்று கேட்டாள். "தலைவர்" என்றார். விரிப்பு மடிக்கும் இடத்திலா என்று கேட்டாள். என் மனைவி இருமுவதுபோல் வாயைப் பொத்தினாள்.

கடைசியில் அடுப்பு வந்தது. "இவர் கண்ணால கண்டவர், கேட்டுப் பாருங்கோ" என்று தமையன் என்னைக் காட்டினார். மச்சாள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், சட்டி வைச்சது ஆர்?"

அவளுக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. எனக்கும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. தமையனின் பெண்சாதி இருந்த பக்கம் நாடியை நீட்டிக் காட்டினேன். "இவ" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். துணிந்து சொன்னதாக மனைவி இன்றைக்கும் சொல்வாள். துணிவும் இல்லை, மண்ணும் இல்லை. மச்சாள் நேரே கேட்டிராவிட்டால், பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

வெளியே நடையில் தமையன் என் சட்டையைப் பிடித்தார். "நீயெல்லாம் ஒரு மனிசனோ?"

"அண்ணை, கையை எடுங்கோ" என்றாள் என் மனைவி. "நாளைக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஆர் கட்டுறது எண்டுதானே உங்கட கவலை? பாண் வெட்டிப் பட்டர் பூச நான் காட்டித் தாறன்."

நகரத்தின் தெற்குப் பக்கம், ஹொல்ம்லியாவில் மச்சாளுக்கு வீடு கிடைத்தது. ஓர் அறை, குசினி, சின்ன பல்கனி. கிழமையில் இரண்டு நாள் உதவிக்கு ஆள் வரும். முதல் மாதம் ரயிலில் நித்திரையாகி, இறங்கும் இடம் தாண்டி, கடைசி நிலையமான ஷி வரைக்கும் போய்விட்டாள். பாதை தெரியாமல் துலைஞ்சு போனாள் என்று தமையனின் பெண்சாதி ஊரெல்லாம் சொன்னாள். ஒரு மணித்தியாலத்தில் தானே கேட்டு விசாரித்து, மற்ற ரயில் பிடித்துத் திரும்பி வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு வருடம் போக, தமையன் கோயில் மண்டபத்தில் மைக் பிடித்து, அங்கவீனமான சகோதரியைத் தன் காலில் நிற்க வைத்தது தாங்கள்தான் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். இந்தச் சனம் எதற்கும் கைதட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பிட்டும் மீன் குழம்பும் சட்டியோடு கட்டித் தந்தாள். ஹொல்ம்லியாவில் இறங்கி, ஏற்றம் ஏறிப் போய் மணியை அடித்தேன். வாசல் சுவரில் இருந்த பேசும் பெட்டிக்குள் மச்சாளின் குரல் வந்தது.

"ஆர்?"

"நான் அத்தான்."

"போன் அடிச்சனீங்களோ?"

"இல்லை. கீழ நிக்கிறன். குழம்பு ஆறுது."

"ஆறினாச் சூடாக்கலாம். போன் அடிச்சிட்டுத்தான் வரோணும், அத்தான்."

பெட்டி நின்றுவிட்டது. மழை தூறியது. என் வயதில் என்னை ஒருவரும் வாசலில் நிறுத்தியதில்லை. கோபம் வந்தது. சட்டியை வாசல்படியில் வைத்துவிட்டு அங்கே நின்றபடியே கைத்தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தாள்.

"வரலாமோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஏலாது. வேலை இடத்துப் பெட்டையள் வந்திருக்கினம்." அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். கலண்டரின் தாள் புரளும் சத்தம் கேட்டது. விரல் வைத்து வாசிக்கிறாள் என்று தெரிந்தது, நேரம் எடுத்தது. "வியாழக்கிழமை வாங்கோ. அஞ்சு மணி. அக்காவையும் கூட்டிக்கொண்டு."

சட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு இறங்கினேன். ரயிலில் மடியில் வைத்திருந்தேன். கொஞ்சம் சூடு இருந்தது. வியாழனுக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

நாலு.