அரை இன்ச்

அளக்கிற டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தமே எனக்கு ஆகாது. நேற்று என் வீட்டு மேஜையில் பாபு அதைத்தான் செய்தான். சின்னச் சின்னச் சிப்பாய் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து, மேஜையில் நிறுத்திப் போர் ஆடுகிறவர்கள் நாங்கள். நகர்வதும் சுடுவதும் இன்ச் கணக்கு.

"அரை இன்ச் கொறையுது மச்சான். உன் ஆளு சுட முடியாது," என்றான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பொதட்டூர்பேட்டை வீட்டில் நைனாவும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. கஞ்சிப்பசை வாடை அடிக்கும் தரையில், ஆடிக் கிருத்திகைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்களை அவரும் அக்காவும் நிறுத்துவார்கள். லுங்கி அளக்கும் டேப்பால் அளப்பார். மகளாயிற்றே என்று நூலளவும் விட மாட்டார்.

அன்று அக்கா ஜெயிக்க வேண்டிய ஆட்டம். நைனா குனிந்து அளந்தார்.

"அரை இன்ச் கொறையுதும்மா. உன் ஆளு மறைவுக்குப் போய்ச் சேரல, செத்தான்."

சட்டப்படி சரிதான். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அக்கா அழவில்லை. தன் சிப்பாய்கள் அத்தனையையும் அவர் பக்கம் தள்ளினாள். "எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ நைனா. நீயே ஜெயிச்சிக்கினு இரு."

"ஏய், ஆட்டம் இன்னும் முடியலியே," என்றார்.

அப்புறம் எத்தனையோ ஞாயிறு இரண்டு படைகளையும் தானே நிறுத்திவிட்டு, "யாராச்சும் வாங்களேன்," என்று கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை.

"இன்னொரு தபா அளடா," என்றேன் பாபுவிடம்.

அளந்தான். "அதே அரை இன்ச்சுதான். ரூல்னா ரூல்."

என் படையை மொத்தமாக அவன் பக்கம் தள்ளினேன்.

"டேய், ஆட்டம் இன்னும் முடியலியே," என்றான்.