அண்ணாச்சி முனகிய மெட்டு

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார்.

செய்தி வந்தபோது நான் மும்பை செம்பூரில், மகளின் காலேஜ் ஆபீஸ் வரிசையில், பொறுப்பான அப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பாக்கெட்டில் போன் அலறியது. என் ரிங்டோன், ஒரு பழைய வீடியோ கேமில் பெரிய வில்லன் வரும்போது அடிக்கிற மியூசிக்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற பையன், "க்யா அங்கிள், பாஸ் ஆ கயா?" என்றான், பெரிய வில்லன் வந்துட்டானா என்று. மகள் என்னை யாரென்றே தெரியாதவள் போல நோட்டீஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தாள்.

போனில் மனைவி. "ஏங்க... அண்ணாச்சி தவறிட்டாகளாம்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவியில் இப்போது மொபைல் ரிப்பேர் கடை இருக்கிற இடத்தில் முன்பு அண்ணாச்சியின் கேம் பார்லர் இருந்தது. காயின் போட்டு, நின்றுகொண்டே ஆடுகிற பெரிய மெஷின்கள்.

நான் தோல் பட்டறையில் பை தைத்துவிட்டு, கையில் பசை நாற்றத்தோடு நேரே அங்கேதான் போவேன். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி சாப்பிடப் போகும்போது கல்லாவில் என்னைத்தான் உட்கார வைப்பார். "நீ ஆடி ஜெயிக்கப் போறதில்ல, இங்கன இருல" என்பார்.

அவர் ஒரு கேம்கூட ஆடி நான் பார்த்ததில்லை. கேட்பார்... அவ்வளவுதான்.

ஒரு முறை மூலை மெஷினில் ஸ்பீக்கர் வயரை எலி கடித்துவிட்டது. படம் பளிச்சென்று ஓடுகிறது, ஆனால் ஒருவனும் அதன் பக்கம் போகவில்லை. "படம் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"படம் கண்ணுக்குல. எப்பத் தாவணும், எப்ப ஓடணும்னு கைக்குச் சொல்லுதது பாட்டுதான்."

நம்பாமல் ஒரு காயின் போட்டு ஆடினேன். வழக்கமாகச் சாகிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே செத்தேன்.

நாள் முழுக்க அதே குட்டிக் குட்டி மெட்டுகள்தான். பக்கத்தில் மாவு கிரைண்டர், எதிரே தகரம் தட்டுகிறவர்கள்... அதையும் மீறிக் காதில் விழ வேண்டும், எரிச்சலும் வரக்கூடாது. அப்படி மெட்டுப் போடுவது லேசான வேலை இல்லை.

மகள் இப்போது லேப்டாப்பில் ஆடுகிற கேம்களில் வயலின் கூட்டமே வாசிக்கிறது. மழை பெய்யும் ஓர் ஊருக்குள் நுழைந்தால் மட்டும் தனியாக ஒரு பியானோ. அந்த இடம் வந்தால் அவள் ஆடாமல் சும்மா நின்றுவிடுகிறாள். அண்ணாச்சி பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது ஜெயிக்கிற பாட்டு இல்லை. தோற்ற பிறகு வருகிற பாட்டு.

திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும். அது தீர்வதற்குள் இன்னொரு காயின் போட்டால் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம். அந்த நேரத்துக்கென்று ஒரு சின்ன மெட்டு... அவசரப்படுத்தாது.

"தோத்தவன வையுத மாதிரி பாட்டு போட்டா எவம்ல திரும்ப வருவான்? இதப் பாரு, தோள்ல கை போட்டுக் கேக்குது" என்பார். காயின் தீர்ந்தவன்கூட அதைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் நகர்வான்.

அப்புறம் என் கல்யாணம். பேண்டு செட் புதுசாக ஏதாவது வாசிக்கட்டும் என்று அண்ணாச்சி மெஷின் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, லெவல் ஜெயித்ததும் வருகிற மெட்டைப் பதிவு செய்து பேண்டு மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர், கேசட்டின் மறுபக்கத்தில் அண்ணாச்சி முன்பே பதிந்து வைத்திருந்ததைப் போட்டுப் பழகியிருக்கிறார்.

பெண் மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் டிரம்பெட்டில் வில்லன் மியூசிக்! பார்லர் கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. பெண் வீட்டார் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மனைவிக்கு விஷயம் தெரிய வெகு நாள் ஆயிற்று. தெரிந்த அன்றே அதைத்தான் ரிங்டோனாக வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "எவன் கூப்பிட்டாலும் உங்களுக்கு என் ஞாபகம் வரணும்."

இன்று சுனாபட்டியில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அவர் மனைவி, எங்கள் மதினியோடு உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள்.

"தம்பி, நீதான் அவுககூடவே இருந்தவன். கடைசியில படுக்கையில பேச்சே கொறஞ்சு போச்சு. ஆனா ஒரே பாட்ட முனகிக்கிட்டே இருந்தாக. வார்த்தை இல்ல. எந்தச் சாமி பாட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பதினாறாம் நாளு பஜனையில அதைத்தான் பாடணும். அதுகூடச் செய்யாட்டி எனக்கு மனசு ஆறாது."

"நானும் தேடிட்டேன் சித்தப்பா, எந்த ஆப்லயும் மாட்டல" என்றான் அண்ணாச்சியின் மகன்.

மதினி முனகிக் காட்டினார். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. ஆனாலும் எடுத்த எடுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி. அதுக்கு வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும்தான். ஆர்மோனியக்காரருக்கு நான் பாடிக் காட்டுதேன்."

"சாமி பாட்டுதான?"

"அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு மதினி."

பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த காபியை மதினி அப்போதுதான் கையில் வாங்கினார்.

மதினி முகநூலில் இல்லை. மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்... படிக்கிறவர்கள் அங்கே போய் வாயை விட வேண்டாம்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. பஜனையில் முன் வரிசையில் இருப்பேன்.

மதினியிடம் சொல்லாதது ஒன்றுதான். எண்கள் குறைந்துகொண்டே வரும்போது, இன்னொரு காயின் இருக்கிறதா என்று கேட்கிற மெட்டு அது.