எம்.எல்.ஏ.வின் கார் புதைந்த நாள்

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தேர்தல் வந்தது. எங்கள் வேட்பாளருக்குப் பின்னால் போன ஜீப்புகள், மைக்செட்டுகள், எங்கள் தலையில் ஏறிய தொப்பிகள் எல்லாமே காற்றாலைக் கம்பெனி கொடுத்தவை. அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டிய சித்தப்பா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கம்பெனிக்கு எங்கள் ஊர்மேல் இத்தனை பாசமா! தொப்பியோடுதான் தூங்கினேன்.

வேட்பாளர் ஜெயித்தார். பசுவந்தனைப் பக்கம் காற்றாடிகள் முளைத்தன. அவற்றின் நீண்ட இறக்கைகளை லாரியில் கொண்டுபோக, எங்கள் புஞ்சைக்குக் கீழே ஓடையின் குறுக்கே சரளையைக் கொட்டி மேடாக ரோடு போட்டது கம்பெனி. தண்ணீர் போக ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த ஓடை, வெளியூர் இன்ஜினியரின் கண்ணுக்கு வெறும் பள்ளம். அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: “அவிய எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியவிய. நாங்க எப்படி கை வைக்க முடியும்?”

ஐப்பசியில் மழை கொட்டியது. ரோட்டில் முட்டிய தண்ணீர் திரும்பி எங்கள் உளுந்துக்குள் ஏறியது. இன்னும் ஒரு நாள் நின்றால் வேர் அழுகிவிடும். அந்த வருடத்துச் சாப்பாடே அதுதான். மண்வெட்டியோடு போன அப்பாவைக் கம்பெனி வாட்ச்மேன் மறித்தார். “ரோட்டுல கை வச்சா கேஸாயிரும் அண்ணாச்சி. எனக்கும் வேலை போயிரும்.” அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

மறுநாள் காற்றாடித் திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. அந்த ரோட்டு வழியாகத்தான் வந்தார். எதிரே வந்த லாரிக்கு வழிவிட, அவருடைய டிரைவர் காரை எங்கள் புஞ்சையோரக் கரிசல் மண்ணுக்குள் இறக்கினார். ஈரக் கரிசலில் நாங்கள் செருப்புகூடப் போட மாட்டோம். பாவம், டவுன்காரர். சக்கரம் முழுக்கப் புதைந்தது. எம்.எல்.ஏ. இறங்கினார், செருப்புகள் சேற்றோடு தங்கிவிட்டன.

சித்தப்பா டிராக்டர் எடுக்க ஓடினார். அப்பா தடுத்தார். “நில்லுலே. தண்ணி நிக்கையில இறக்குனா டிராக்டரும் சேந்துல்லா புதையும். ரோட்டை வெட்டி விட்டு, தண்ணி வடியட்டும்.”

“ஏம்ப்பா, போன தடவ லாரிக்குப் பலகை போட்டு இழுத்தோம்லா?” என்றேன் நான்.

சித்தப்பா என் தொடையில் கிள்ளினார். “வாய மூடுட்டி!”

“அப்ப வெட்ட வேண்டியதுதானய்யா?” என்றார் எம்.எல்.ஏ.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா வெட்டுதோம் அண்ணாச்சி” என்றார் அப்பா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

எம்.எல்.ஏ. செல்போனை எடுத்துத் தள்ளிப் போனார். நான் பின்னாலேயே போனேன். “மேனேஜர் சார்... சின்ன வெட்டுதான் சார். ரெண்டு குழாயப் பதிச்சு மூடிருதோம் சார். கோவிச்சுக்கிடாதீங்க சார்...” போனைக் காதில் வைத்தபடியே குனிந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் மேடைக்கு ஏறிவிட்டது: “வெட்டுங்கய்யா! எது வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்!”

வெட்டிய இடத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்ததே, அந்தச் சத்தம்! சாயங்காலத்துக்குள் உளுந்து தலைகாட்டியது; சித்தப்பாவின் டிராக்டர் காரையும் கரையேற்றியது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். “பொழச்சோம்ட்டி” என்று அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சொன்னபடி குழாயும் வந்தது. வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ‘பணிவு’ பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எம்.எல்.ஏ.வைப் பற்றி எழுதினேன். எவ்வளவு பெரிய பதவி! ஒரு கம்பெனி மேனேஜரைப் போய் வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ என்கிறாரே, இந்தக் குணம் யாருக்கு வரும்? டீச்சர் வாசித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். கட்டுரை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.