பின்னறையில் முன்னால் ஓடிய படம்

டிரைவர் பேருந்தை விட்டு இறங்கி மூன்று வருடம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மாரடைப்பு வந்த பிறகு இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். உடம்புக்கு ஓய்வு கிடைத்தது, மனசுக்குத்தான் கிடைக்கவில்லை. காலமெல்லாம் ஒரு வண்டி ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிய மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, சும்மா இரு என்றால் இருப்பாரா? ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார், அது ஒழுக ஆரம்பித்தது. சமையலறைக்குள் வந்து டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்தார். உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று தேடி அலுத்த மனைவி அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். வேற எதையாவது நோண்டுங்க."

அவர் நோண்டப் போன இடம் கம்ப்யூட்டர்.

அதற்குக் காரணமே அவள்தான். அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். துவைத்த படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளையும் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் வெளியே வருவதை இன்னொருத்தி மடிப்பாள். விரல் கொஞ்சம் கூடப் போனால் விரிப்போடு விரலும் இஸ்திரியாகிவிடும். அங்கே அவளுக்கு ரோலர் அக்கா என்று பெயர். மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவாள். நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே இருப்பது யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி இருக்கும்.

அவள் பார்க்க ஆசைப்பட்ட ஒரே தொடர் சாயங்காலம் ஓடியது. அவள் உருளையோடு மல்லுக்கட்டும் நேரம் அது. லீவில் இருந்தவர்கள் மறுநாள் வந்து கதை சொல்வார்கள், ஆளுக்கு ஒரு கதை. ஒருத்தி மாமியார் செத்துவிட்டாள் என்பாள், இன்னொருத்தி இல்லை, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பாள். இவள் வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள், யாரோ கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். டிவி சிக்னலைப் பிடித்துப் பதிவு செய்கிற அட்டை ஒன்றை, கடைக்காரரின் உயிரை எடுத்து, அதில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் தொடர் தொடங்கும் நேரத்தில் அது தானாகவே விழித்துக்கொண்டு பதிவு செய்தது. ஆனால் அது போட்ட இரைச்சலுக்கு முன்னறையில் வைக்க முடியவில்லை, பின்னறைக்குப் போனது. பின்னறையிலோ ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அவள் காலை நீட்டிப் படுத்தாக வேண்டும். அதனால் முன்னறை டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டவைத்து, வைஃபை வழியாகப் படத்தை அங்கே அனுப்பினார்.

"ஒயர் இல்லாம எப்படிங்க வருது?"

"காத்துல வருது."

"காத்துல தூசிதாங்க வரும்" என்று சொன்னாளே தவிர, அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனக்கென்று ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெட்டு எதையும் செய்து அவள் பார்த்ததில்லை.

காலையில் சமையலை முடித்துவிட்டு, குதிகாலுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து அவள் சோபாவில் சாய்வாள். பின்னறையிலிருந்து குரல் வரும். "போலாமா?"

"ரைட், ரைட்!" என்பாள் இவள்.

படம் கிளம்பும். விளம்பரம் வந்தால் அவர் அங்கே ஒரு விசையைத் தட்டித் தாண்டவைப்பார். அதில் அவருக்கு அத்தனை பெருமை, ஏதோ குண்டும் குழியுமான ரோட்டில் பயணி குலுங்காமல் ஓட்டுகிற மாதிரி. ஒரே ஒரு கோளாறுதான். பின்னறையில் ஓடும் படம் முன்னறைக்கு வந்து சேர நாலைந்து நொடி பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் அவர்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். "அடிச்சிட்டான்யா!" என்று உள்ளே கத்துவார், அப்புறம்தான் இங்கே கன்னத்தில் அறை விழும். நகைச்சுவைக்கு அங்கே ஒரு சிரிப்பு, இங்கே ஒரு சிரிப்பு.

ஒரு நாள் அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்குப் பாக்கணும்?" என்று பிடி பிடியென்று பிடித்தாள். டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தாங்க முடியாமல் அவளேதான் இறங்கி வந்தாள்.

"சரி, சத்தம் போட்டுக்கங்க. ஆனா என்னன்னு மட்டும் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். சத்தியம்" என்றார் அவர். அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் கத்துவார், இவள் "என்னங்க?" என்பாள், அங்கே மூச்சுப் பேச்சு இருக்காது. அந்த மௌனத்தில் அவளுக்கு ஆர்வம் பிய்த்துக்கொண்டு போகும்.

இத்தனைக்கும் அவருடைய நெஞ்சைப் பற்றி அவள் மறந்ததே இல்லை. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் தாங்காது, வலி என்றவுடன் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று சொல்லியிருந்தார். அந்த மாத்திரை டப்பா டிவிக்குக் கீழேயே இருந்தது. கண் எதிரே இருந்தால்தான் அவசரத்துக்குக் கை போகும் என்று அவள்தான் அங்கே வைத்திருந்தாள்.

அன்றைக்குக் காலையும் "போலாமா", "ரைட்" எல்லாம் வழக்கம்போல நடந்தது. தொடரில் மருமகள் மாடிப்படியில் எண்ணெயைக் கொட்டி வைத்திருக்கிறாள். மாமியார் மேலே, கைப்பிடியைப் பிடித்தபடி, செருப்பைத் தேடுகிறாள். அவள் முதல் படியில் காலை வைக்கும்போது பின்னறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயோ! அம்மா!"

"விழப்போறாளா? என்னங்க?" என்று இவள் கேட்டாள். பதில் இல்லை. "சத்தியத்தக் காப்பாத்துறாரு பாரு" என்று சிரித்துக்கொண்டே, தலையணையை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மாமியார் விழவில்லை. எண்ணெய் இருந்த படியைத் தாண்டி, ராணி மாதிரி இறங்கி வந்து காபி கேட்டாள். அப்படியென்றால் காபியில்தான் ஏதோ இருக்கிறது என்று இவள் எண்ணிக்கொண்டாள். காபியில் ஒன்றும் இல்லை. பிறகு மகன் வந்தான், பேசினான், போனான். இதற்கா அந்தக் கத்து கத்தினார் என்று அவளுக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. அப்புறம் விளம்பரம் வந்தது.

சோப்பு விளம்பரம். அது முடிந்து பெயின்ட் விளம்பரம். "என்னங்க, தூங்கிட்டீங்களா? விளம்பரம் ஓடுது!" அடுத்தது பற்பசை. அந்த வீட்டு டிவியில் அவள் அதுவரை ஒரு விளம்பரத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பற்பசைக்காரன் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது தலையணையை உதறித் தள்ளினாள். எழுந்து ஓடினாள்.

டிரைவர் மேசை மேல் சாய்ந்திருந்தார். கை, தட்ட வேண்டிய விசைக்குப் பக்கத்தில் கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. திரும்ப ஓடி, டப்பாவைத் திறந்து, மாத்திரைகளைக் கொட்டி, ஒன்றைப் பொறுக்கி, அவர் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் வைத்தாள். அது அங்கேயே கரையாமல் இருந்தது.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். டியூட்டி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வலி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். மாமியார் படியிறங்கும்போது என்றுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. தெரியாது என்று தலையாட்டினாள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். டிரைவர் மேல் ஒரு விரிப்பைப் போர்த்தினார்கள். ஓரம் கோணலாக இஸ்திரியாகியிருக்கிறது என்று அவள் கண்ணில் பட்டது. அதைப் பார்த்த தன் கண்ணைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று இருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். டிரைவருடைய அக்கா மட்டும் துணைக்குத் தங்கினார். சாயங்காலம் பின்னறையில் இரைச்சல் கேட்டதும் அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

"யாரு உள்ள?"

"யாருமில்ல அண்ணி. கம்ப்யூட்டர். ரெக்கார்டு பண்ணுது."

"அதை அணைச்சுத் தொலையேன்."

"எனக்கு அணைக்கத் தெரியாது" என்றாள். அது உண்மைதான். அவளை அவர் அந்த நாற்காலியில் உட்காரவிட்டதே இல்லை.

அண்ணி மறுபடி உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தார். "நீ மனசைப் போட்டு உழப்பிக்காத. நீ என்ன செய்வே? பக்கத்துல நீ இருந்தும் உன்னக் கூப்பிடக்கூட அவனுக்கு நேரமில்லையே. ஒரு சத்தம்கூட போடாம போயிட்டானே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாழ்நாள் முழுக்க யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சத்தம் போட்டாரு அண்ணி."

"போட்டானா? உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ என்ன பண்ணுனே?"

"சிரிச்சேன், அண்ணி."