சந்தனம்மாளின் மொச்சை மிஷின்

சந்தனம்மாளுக்கு வராத வேலை ஒன்றே ஒன்றுதான். மொச்சை உரிப்பது. நாற்று நடுவாள், களை எடுப்பாள், புல்லுக்கட்டை யாரும் கைகொடுக்காமல் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். இடது கையால் அவள் அரிவாள் பிடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கையும் நன்றாக இருக்கிற பெண்கள் பேசாமல் அடுத்த வரப்புக்குப் போய்விடுவார்கள்.

வலது கை போனது அவள் தத்தித் தத்தி நடக்கிற வயதில். சின்னமனூர்ப் பக்கம் அவள் அப்பன் கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொதித்த பாகு இருந்த கொப்பரைக்குள் பிள்ளை கையை விட்டுவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். புண் ஆறியபோது நான்கு விரல்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிட்டன. கட்டை விரல் உள்ளங்கையின் ஓரத்தோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் வளர்ந்தாள், பெரியவளானாள், கூடலூரில் கர்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தாள்.

கூடலூருக்கு வந்த பிறகுதான் அந்தக் கை அவளுக்குப் பாரமாயிற்று. அதற்குக் காரணம் அந்தத் தெருவின் வழக்கம். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் நாள் மதியம் தெருப் பெண்கள் எல்லோரும் புடைக்கிற சொளகு ஆளுக்கொன்றோடு அந்த வீட்டில் கூடுவார்கள். நடுவே மொச்சைக் காய் குவிந்து கிடக்கும். மொச்சை காய்க்காத மாதம் என்றால் சின்ன வெங்காயம். சுற்றி உட்கார்ந்து விளக்கு வைக்கும் நேரம்வரை உரிப்பார்கள். உரிப்பது என்று சும்மா பெயர். வாய்க்குத்தான் முதல் வேலை, கைக்கு அப்புறம். எவள் மாமியாரோடு பேசுவதில்லை, எவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஆள் வருகிறது என்று ஊர் நடப்பெல்லாம் அந்தக் குவியலைச் சுற்றித்தான் வெளியே வரும்.

சந்தனம்மாளும் போவாள். தோலை அள்ளி மாட்டுக்குப் போடும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். தெருவில் மூத்தவளான மலையம்மாள், "நீ செத்த உக்காரு ஆத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்பாள். பிரியமாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோர் கையும் ஓடும்போது ஒருத்தி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது மலையம்மாளுக்கு எப்படித் தெரியும்? கை சும்மா இருந்தால் வாயும் திறக்க மாட்டேன் என்கிறது. பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போகும்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லி ஒருமுறை அழுதாள். கர்ணன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், துரை பங்களாவின் குசினியில் சமையல் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை மலை இறங்கி வருவான். வரும்போது கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் மலையாளமும் கொண்டு வருவான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

அந்தப் பங்களாவின் பின்னால் துரைசாணி பச்சைப் பட்டாணி போட்டிருந்தாள். அதை உரிப்பதற்கென்று அவள் தன் சீமையிலிருந்து ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தாள். கரும்பு ஆலையைச் சுருக்கி ஒரு கூடைக்குள் அடங்குமாறு செய்தது போல இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு ரோலர், மேலே ரப்பர் சுற்றியது. பலகை ஓரத்தில் வைத்துத் திருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ரோலர் காயைக் கவ்வி இழுக்கும். தோல் அந்தப் பக்கம் போய்விடும். நுழைய முடியாத பட்டாணி இந்தப் பக்கம் பொலபொலவென்று விழும்.

முப்பத்தாறாம் வருஷம் வாக்கில் துரை வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். போகும்போது வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சாமான் கொடுத்தார். கர்ணனுக்கு ஒரு கம்பளிக் கோட்டு. மலைக் குளிருக்கு அது லேசுப்பட்ட பொருள் இல்லை. கர்ணன் கோட்டைத் தொடாமல், அந்த மிஷினைக் கேட்டான். துரைசாணி சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம்.

சாக்கில் சுற்றித் தலைச்சுமையாகவே கொண்டுவந்து இறக்கினான். "இந்தா புள்ள, கையக் கொண்டா" என்று சந்தனம்மாளின் வலது கையைப் பிடித்து, மடங்கிய விரல்களுக்குள் கைப்பிடியை மாட்டினான். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திக்கொண்டது. வலது கை சுற்ற, இடது கை காயைக் கொடுத்தது.

முதல் கை மொச்சை கூழாகத்தான் வந்தது. பட்டாணிக்கு இருந்த இடைவெளி மொச்சைக்குப் போதவில்லை. கர்ணன் திருகைத் தளர்த்தினான், காயை ஒரு பொழுது வாடப்போட்டுக் கொடுத்துப் பார்த்தான். அப்புறம் ஒன்றிரண்டு நசுங்கினாலும் மற்றதெல்லாம் முழுசாக விழுந்தன. சந்தனம்மாள் சுற்றிக்கொண்டே அழுதாள். "கோட்ட வாங்கியிருக்கலாம்ல நீங்க?" என்றாள். "எனக்குக் குளிரல" என்றான் கர்ணன். பச்சைப் பொய். மார்கழியில் அவன் உதடு வெடித்து ரத்தம் வரும்.

அந்தத் தைப் பொங்கலுக்குத் தெருவே அவள் வாசலில் நின்றது. கல்யாண வீடு, காது குத்து வீடு என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள். பத்துப் பேர் உரிப்பதை ஒருத்தியே உரித்துத் தள்ளினாள். "ஆத்தாடி, இவ கை இல்ல, ரயில் வண்டி" என்று மலையம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். பேச்சு இப்போது சந்தனம்மாளைச் சுற்றிப் போகவில்லை, அவளிடம் வந்தது. அவளும் பேசினாள், சிரித்தாள், நாலு பேரைக் கேலிகூடச் செய்தாள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போன வீட்டில் அந்த இரண்டு வருஷம் சிரிப்பு இருந்தது.

மூன்றாம் வருஷம் மார்கழியில், எதிர்வீட்டுச் சின்னக்கருப்பு இறந்துபோனான். குமுளி மலைப்பாதையில் பாரவண்டி ஓட்டுகிறவன். இறக்கத்தில் வண்டி சரிந்து அடியில் மாட்டிக்கொண்டான். அவன் பெண்டாட்டி மாயக்காள் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சின்னப் பெண். அவளுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்த வீடு. சின்னக்கருப்புக்கோ தாய் தகப்பன் இல்லை. எடுத்துப் போட்டதும் உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். கருமாதி அன்று காலையில்தான் திரும்ப வருவார்கள்.

கருமாதிக்கு முதல் நாள் மதியம் தெருப் பெண்கள் சொளகோடு மாயக்காள் வீட்டில் கூடினார்கள். முற்றத்தில் மொச்சைக் காய் மலைபோல் கிடந்தது. சந்தனம்மாளும் மிஷினோடு வந்தாள். அவள் மனசில் இருந்தது முழுக்க இரக்கம்தான். இந்தப் பிள்ளை ஏற்கெனவே துவண்டு கிடக்கிறது, இந்த வேலை வேறு எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும், சட்டென்று முடித்துக் கொடுப்போம் என்று நினைத்தாள்.

சட்டென்று முடித்தாள். சாவு வீட்டில் பேச்சு மெதுவாகத்தான் கிளம்பும். முதலில் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, பிறகு யாராவது இறந்தவன் பேரை எடுப்பார்கள், அவன் செய்த ஒரு குறும்பைச் சொல்வார்கள், அப்புறம்தான் வீட்டுக்காரி வாய் திறப்பாள். அன்று பேச்சு மழையைத் தாண்டுவதற்குள் குவியல் காணாமல் போயிற்று. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையில் வேலை இல்லாமல் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கும் தெரியவில்லை. ஒருத்திக்கு மாடு கறக்க வேண்டும் என்று நினைவு வந்தது, இன்னொருத்திக்கு அடுப்பு. போய்விட்டு வருகிறேன் என்று சாவு வீட்டில் சொல்லக் கூடாது, அதனால் சொல்லாமலே ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். வெயில் இன்னும் தாழ்வாரத்தைவிட்டு இறங்கவில்லை. சந்தனம்மாள் மிஷினைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கருமாதிச் சமையலுக்குத் தன் வீட்டுச் சட்டியைக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மிஷின் தள்ளிய தோலெல்லாம் முற்றத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியிருந்தது. மாயக்காள் அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானையில் ஒரு கைப்பிடி மொச்சை இருந்தது.

"என்ன ஆத்தா பண்ற?"

"மிஷினு விட்டதப் பொறுக்கினேன்க்கா. ஒவ்வொரு தோலாப் பாத்தேன்." மாயக்காள் நிமிரவே இல்லை. "எல்லாரும் வெரசாப் போயிட்டாக. அவரப் பத்தி ஒரு பேச்சுக்கூட யாரும் பேசல. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல."

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் சந்தனம்மாளின் நெஞ்சைக் குத்திக் கிழித்தது. அந்த ஒரு கைப்பிடி மொச்சைக்காக அந்தப் பெண் எத்தனை தோலைப் பிரித்திருப்பாள்! மொச்சை சமைப்பதற்காக மட்டும் பெண்கள் கூடுவதில்லை என்பது இரண்டு கையும் உள்ளவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. வெளியே உட்கார்ந்து தோல் அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மிஷினைப் பரணில் ஏற்றினாள். கர்ணன் வந்து கேட்டபோது, "அது அங்கனயே கெடக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் உரிக்கப் போகவில்லை. மிஷினோடு போக முகமில்லை, மிஷின் இல்லாமல் போகக் கையில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தெருவும் விட்டுவிட்டது. மாயக்காளை எதிரே பார்த்தால் தலை குனிந்து நடப்பாள். மாயக்காள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கூலிக்குப் போய்ப் பிழைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மொச்சையும் போட்டாள்.

உலகச் சண்டைக் காலம் வந்தது. மலைக்காய்ச்சலும் கூடவே வந்தது. அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எஸ்டேட்டிலிருந்து கர்ணனைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். "குளிருது சந்தனம்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் இருந்த துணியையெல்லாம் எடுத்து அவன்மேல் போட்டாள். நடுக்கம் நிற்கவில்லை. வாங்காமல் விட்ட அந்தக் கோட்டை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள். தை பிறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

கருமாதிக்கு முதல் நாள். முற்றத்தில் மொச்சைக் காய் கிடந்தது. சந்தனம்மாள் சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வருவார்கள்? இத்தனை வருஷமாக எவள் வீட்டுக்கும் போகாதவளுக்கு எவள் வருவாள்? வந்தாலும் எவ்வளவு நேரம் இருப்பாள்? அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

சின்னமனூரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் பெண்டாட்டி பவுனு, எந்த வேலையையும் சட்டுப்புட்டென்று முடிக்கப் பார்க்கிறவள். "பரண்ல மிஷினு இருக்குல்ல? எறக்குனா ஒரு நொடியில முடிஞ்சிரும்" என்று சாக்கை இறக்கியே விட்டாள்.

"அது இன்னிக்கி வேணாம்க்கா."

வாசலில் மாயக்காள் நின்றாள், இடுப்பில் சொளகோடு. அவளுக்குப் பின்னால் மலையம்மாள், அவளுக்குப் பின்னால் தெரு. மாயக்காள் உள்ளே வந்து சாக்கை எடுத்து மூலையில் வைத்தாள். சந்தனம்மாளின் தோளைப் பிடித்து எழுப்பிக் கொண்டுவந்து குவியல் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒரு காயை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"உரிங்கக்கா."

சந்தனம்மாள் காயைத் தொடையில் வைத்து, மடங்கிய கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கட்டை விரல் நகத்தால் கீறினாள். வழுக்கியது. மறுபடி கீறினாள். யாரும் உதவ வரவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மலையம்மாள், "கர்ணன் மலையாளம் பேசுனா மலையாளத்துக்காரனே சிரிப்பானாம்ல" என்று ஆரம்பித்தாள். ஒருத்தி அதற்கு ஒன்று சொன்னாள். சந்தனம்மாளின் மடியில் அப்போதுதான் முதல் காய் பிரிந்தது. "கோட்டு வேணாம்னுட்டாரு" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "எனக்காக வேணாம்னுட்டாரு." வாய்விட்டு அழுதாள். உரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவனைப் பற்றிச் சொன்னாள். பெண்கள் கேட்டார்கள். மாயக்காள் உரித்த வேகத்தைப் பார்த்திருந்தால் அவளுக்கும் கை சரியில்லை என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

ஆனாலும் குவியல் குறைந்துகொண்டே வந்தது. சந்தனம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தரை தெரிந்தது. மலையம்மாள் எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினாள். சந்தனம்மாள் தன் மடியிலிருந்த கடைசிக் காயை உரிக்காமல் பிடித்துக்கொண்டாள். மாயக்காள் சட்டென்று எழுந்து தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் இடுப்பில் ஒரு பெரிய கூடை இருந்தது. அவள் தோட்டத்து மொச்சை, காலையில் பறித்தது. அதை அப்படியே முற்றத்தில் கவிழ்த்தாள்.

மலையம்மாள் திரும்பவும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒருத்தி எழுந்து விளக்கை ஏற்றி நடுவில் வைத்தாள்.

"மெதுவா உரிங்கக்கா" என்றாள் மாயக்காள். "யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாக."